குறையவில்லை என்று எழுதிய படிவம்

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து கதிரியக்கத்தை எண்ணிய கவுண்டிங் ரூமுக்குப் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். மாதிரித் தாளை உள்ளே தள்ளினால் போதும். காற்றிலிருந்து தானாக ஒட்டிக்கொண்ட கதிரியக்கம் எது, வேலை செய்த இடத்தில் பட்ட கறை எது என்று அதுவே பிரித்துப் பார்த்துப் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போட்டுவிடுமாம். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த நிர்மலா போனில் சொன்னாள்.

"ரெண்டே நிமிஷம் சார். உக்காந்துகினு இருக்கற வேலையே கெடயாது."

"அது சொல்றது சரிதான்னு யாரு பாத்தது?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படித்துக் காட்ட ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். என் மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எழுதுங்க. பால் பாக்கெட்டத் தூக்கிப் புடிச்சி வெளிச்சத்துல பாக்கற நேரம் மிச்சமாவும்" என்றாள். அவள் சொல்வதும் உண்மைதான். எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. பிறவிக் குணம் பாதி, தொழில் கொடுத்தது மீதி.

என் பெயர் ஏகாம்பரம். ஊர் படாளம். கரும்பு போட்ட குடும்பம். செங்கல்பட்டில் இயற்பியல் படித்துவிட்டு, திருவிடந்தைக்குச் சற்றுத் தள்ளிக் கடலோரமாக இருந்த ஒரு தாது ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன இடம். கடற்கரை மணலில் இருக்கிற தாதுக்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். அவற்றில் தோரியமும் உண்டு என்பதால் கதிரியக்கப் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவின் கவுண்டிங் ரூம் என் பொறுப்பு. ஓராண்டுப் பயிற்சியில் மூன்று விஷயம் படிந்தது. கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்று. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே. மணியை எழுதாமல் எண்ணிக்கையை எழுதாதே.

வேலை இதுதான். மேசை, தரை, கை, காலணி, சட்டை, எதையானாலும் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தாளால் துடைத்து எடுத்து வருவார்கள். அதை ஒரு தட்டில் வைத்து, கருவியின் இழுப்பறைக்குள் தள்ளிப் பத்து நிமிடம் எண்ண வேண்டும். தாளில் ஒட்டியிருக்கும் அணுக்களிலிருந்து வெளியேறும் ஆல்பா துகள் ஒவ்வொன்றும் ஒரு மினுக்கு. ஒரு மினுக்கு ஓர் எண். முதலில் வெறுந்தாளை எண்ணணும், அப்புறம் அளவு தெரிந்த மாதிரியை எண்ணணும், அப்புறம்தான் வந்த தாள். முடிந்ததும் மறுபடி வெறுந்தாள். நாலு தடவையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும்.

என் மேலதிகாரி டாக்டர் ஜெபமணி. திருநெல்வேலிக்காரர். நாங்கள் மேடம் என்போம். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் முகம் தெரிய வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் முதல் கேள்வி, "எத்தன மணிக்கு?" என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி கிடையாது, "மறுபடி எண்ணுங்க" என்பதுதான். கம்ப்யூட்டர் வந்த பிறகும் வரைபடத் தாளில் பென்சிலால் தாமே புள்ளி வைப்பார். "நல்லது" என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. என்மேல் நம்பிக்கை இல்லையோ என்று முதல் இரண்டு வருடம் மனதுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம். தினமும் மாலை நாலு மணிக்கு மட்டும் வெறுந்தாளே எகிறியது. அந்த நேரத்தில் டீ கொண்டுவரும் உதவியாளர் ஏதோ அழுக்குக் கையோடு கருவியைத் தொடுகிறார் என்று சந்தேகப்பட்டு மூன்று நாள் அவரை உள்ளேயே விடவில்லை. நான்காம் நாள் மேடம் ஒரு கறுப்புத் துணியை எடுத்து வென்டிலேட்டரை மூடினார். எண்ணிக்கை படுத்துவிட்டது. இழுப்பறையின் ரப்பர் தேய்ந்திருந்த இடுக்கில் மேற்கு வெயில் புகுந்திருக்கிறது, அந்த வெளிச்சத்தையும் கருவி மினுக்கு என்று எண்ணியிருக்கிறது. "சந்தேகப்படுங்க, அது நம்ம வேலதான். ஆனா ஆளப் பாக்குறதுக்கு முன்னால சாமானப் பாருங்க" என்றார். புத்திக்கு ஏறியது என்றுதான் நினைத்தேன்.

இனி தேசப்பன் விஷயம். அப்போது எனக்கு அங்கே முப்பது வருடம் ஆகியிருந்தது.

தேசப்பன் சதுரங்கப்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு எங்களிடம் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருந்தார். தோரிய உப்புகளைக் கையாளும் அறையைக் கூட்டித் துடைப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள். அதிகம் பேசமாட்டார். காலையில் தன் சட்டையைக் கழற்றி லாக்கரில் மாட்டிவிட்டு, ஆய்வுக்கூடம் தரும் உடையைப் போட்டுக்கொள்வார். மாலையில் குளித்துவிட்டுச் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகிற வாசலில் இருக்கும் கதிரியக்கம் பார்க்கிற மானிட்டரில் நிற்பார். எல்லோருக்கும் அதே முறைதான்.

அன்று சாயங்காலம் அவர் நின்றதும் மானிட்டர் அலறியது. கை சுத்தம், கால் சுத்தம். சட்டை மட்டும் கத்தியது.

அந்த வாரம்தான் சேமிப்பறையில் தோரிய நைட்ரேட் புட்டி ஒன்று குறைகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. போதாதா? ஆய்வுக்கூடத்தின் காவல் அதிகாரி நேரே அவர் தோளைப் பிடித்து என் அறைக்குக் கூட்டி வந்துவிட்டார். அதிகாரி முன்னாள் ராணுவக்காரர். எதற்கும் ஒற்றை வார்த்தையில் பதில் வேண்டும் என்பார். மேடம் அன்று ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார்.

"இந்தச் சட்டைய எங்கெங்க போட்டுக்கினு போன?" என்று நான் கேட்டேன்.

"எங்கயும் போவல சார். காலைல வூட்ல இருந்து போட்டுகினு வந்தேன், லாக்கர்ல மாட்னேன், இப்ப எட்த்து போட்டேன். அவ்ளோதான்."

"அப்ப சட்டைல எப்டி வந்துது?"

"அத நீதான் சார் சொல்லணும். மிஷின் உன்னுதுதான?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் செய்யாதவன் பயப்படுவான், இவன் பயப்படவில்லையே என்று தோன்றியது. பயந்திருந்தால் ஏன் பயப்படுகிறான் என்று யோசித்திருப்பேன். சட்டை புத்தம் புதிது, பாலியெஸ்டர். அதன் முதுகில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கத்தரிக்கோலை வைத்தபோது, "சார், ஆடிக் கிருத்திகைக்கு எட்த்தது" என்றார். வெட்டினேன். வேறொரு சட்டையைக் கொடுத்து அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

இங்கே எங்கள் அறையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பூமியிலிருந்து ரேடான் என்ற வாயு எந்நேரமும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அது சிதைந்து பிறக்கிற பிள்ளை அணுக்கள் தூசியில் ஒட்டி, தூசி துணியில் ஒட்டும். பாலியெஸ்டரில் மின்னேற்றம் இருப்பதால் கூடுதலாகவே ஒட்டும். நல்லவேளையாக அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுள் கம்மி. ஏறக்குறைய அரைமணிக்கு ஒருமுறை எண்ணிக்கை பாதியாகும். ஆகவே சந்தேகம் வந்தால் அரைமணி விட்டு மறுபடி எண்ணு, பாதியானால் காற்று, ஆகாவிட்டால் கறை. இதை நாங்கள் அரைமணி விதி என்போம். எந்தப் புத்தகத்திலும் இல்லை, வாய்வழியாக வந்தது. அதை நம்பிப் பல நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு எண்ணினேன். 412. ஆறு மணிக்கு 405. ஆறரைக்கு 398. ஒரே தாளை மறுபடி எண்ணினாலே இருபது முப்பது இப்படி அப்படி ஆடுவது சகஜம். அதனால் அந்தச் சரிவை நான் சரிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காவல் அதிகாரி மேசைமேல் கையை ஊன்றினார். "ஏகாம்பரம், ஒரே வார்த்த. குறையுதா, குறையலயா?"

"குறையல சார்."

"எழுதிக் குடுங்க."

படிவத்தில் 'குறையவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணிய மூன்று நேரத்தையும் அதே தாளில் ஒழுங்காக எழுதியிருந்தேன். ஆனால் அந்த ஒற்றை வார்த்தையைத்தான் எல்லோரும் படித்தார்கள். தேசப்பனின் கேட் பாஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அது போனால் வேலை போயிற்று. ஒப்பந்தக்காரரிடம் கேள்வி கேட்க முடியாது. அன்றே இரண்டு காவலர்கள் ஜீப்பில் அவரோடு சதுரங்கப்பட்டினம் போய் வீட்டைக் கிளறிப் பார்த்தார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளித்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை மேடம் வந்து, கடிகாரத்தைக் கழற்றி வைத்து, படிவத்தைப் படித்தார்.

"எத்தன நேரம் பாத்தீங்க?"

"ஒரு மணி நேரம் மேடம்."

"அப்ப ஒரு மணி நேரத்துல குறையலன்னுல்லா எழுதணும்? நீங்க குறையலன்னு எழுதியிருக்கீங்க." குரலை உயர்த்தவில்லை. "மறுபடி எண்ணுங்க."

எட்டரைக்கு எண்ணினேன். 157.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? துண்டை யாரோ மாற்றிவிட்டார்கள். முந்தின இரவு துண்டைப் போட்டு ஒட்டி வைத்த உறையை எடுத்து, ஒட்டுத்தாளில் நான் போட்ட கையெழுத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். பிரிக்கப்படவில்லை. துணியின் நிறம், கோடு எல்லாம் அதுவே. கருவி மக்கர் பண்ணுகிறதோ என்று அளவு தெரிந்த மாதிரியை வைத்தேன். சரியாக இருந்தது. வெறுந்தாள், அதுவும் சரி. வென்டிலேட்டரைக்கூடப் பார்த்தேன். மேடம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சுல்லா? இனி அந்த விதியச் சந்தேகப்படுங்க" என்றார்.

ரேடானின் பிள்ளைகள் என்றால் காலையில் சுவடே இருக்கக் கூடாது. கறை என்றால் 400 அப்படியே இருக்க வேண்டும். இது நடுவில் நிற்கிறது. மேடம் மனக்கணக்குப் போட்டு, "பத்தரை மணி நேரத்துக்கு ஒருக்க பாதியாகுது. பத்தரைன்னா எனக்கு ஒரே குடும்பந்தான் தெரியும். தோரியம்" என்றார். தோரியத்திலிருந்தும் ஒரு வாயு பிறக்கும், தோரான். அது ஒரு நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் அதன் பிள்ளைகளில் ஒன்றான ஈயத்துக்கு அரை ஆயுள் பத்தரை மணிக்குச் சற்று அதிகம்.

உறுதியாகச் சொல்ல மாலைவரை காத்திருக்க வேண்டும். அந்தப் பகலில்தான் நான் எத்தனையோ வருடமாக மென்று விழுங்கிவந்த கேள்வியைக் கேட்டேன். முப்பது வருடத்தில் நான் எண்ணாத ஆல்பா இல்லை, ஆனால் அவை ஏன் வெளியே வருகின்றன என்பதை உள்ளூர நான் நம்பியதே இல்லை.

"மேடம், அணுக்கருவச் சுத்திச் சொவரு இருக்குதுன்றாங்க. உள்ள இருக்கற ஆல்பாவுக்கு அதத் தாண்டுற தெம்பு கெடயாதுன்னும் சொல்றாங்க. அப்ப எப்டி வெளிய வருது? எங்கியோ ஓட்ட இருக்கணும்."

"ஓட்டை கெடையாது."

"அப்ப ஏறிக் குதிக்குதா?"

"அதுக்குத்தான் தெம்பு இல்லன்னு நீங்களே சொன்னீங்கல்லா." பென்சிலை எடுத்து ஒரு கிண்ணம் போலக் கோடு வரைந்தார். கிண்ணத்தின் இரண்டு பக்கமும் மலை போல உயரம். உள்ளே பாதி உயரத்தில் ஒரு அலைக்கோடு. "இதுக்குக் குவாண்டம் டனலிங்னு பேரு. பேரக் கேட்டு ஏமாந்துராதீங்க. அங்க சுரங்கமும் இல்ல, தோண்டுறவனும் இல்ல. ஆல்பாவ உருண்டைன்னு நெனச்சாதான் குழப்பம். அது அலையும்கூட. சொவர்ல பட்டதும் அலை அங்கனயே நின்னுராது. உள்ள போகப் போக மெலியும். ரொம்ப ரொம்ப மெலியும். ஆனா சுத்தமா இல்லாமப் போகாது. அந்தப் பக்கம் ஒரு துளி மிச்சம் இருக்கும்." மலைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு நெளிவு வரைந்தார். "இந்தத் துளிக்கு அர்த்தம், ஆல்பா வெளியில இருக்க அம்புட்டுச் சின்ன வாய்ப்பு உண்டுங்கறது."

"அவ்ளோ சின்ன வாய்ப்பு இருந்து இன்னா பிரயோஜனம்?"

"ஒரு செகண்டுல அது எத்தன தரம் சொவர முட்டுது தெரியுமா? ஒன்னு போட்டு இருபத்தோரு சுழி போடுங்க, கிட்டத்தட்ட அத்தன தரம். என்னைக்காவது ஒரு தரம் வெளிய இருக்கும்."

நான் விடவில்லை. "கோடி வருஷமா முட்டிக்கினே இருந்தா சொவரு கொஞ்சம் தேயாதா? அணுவும் கெழடு தட்டி இப்ப அப்பன்னு ஆவாதா?"

"ஆகாது. நேத்து முட்டினது அதுக்கு ஞாபகமே கெடையாது. ஒவ்வொரு முட்டும் முத முட்டுதான். நேத்துப் பொறந்த அணுவுக்கும் பூமியோட பொறந்த அணுவுக்கும் அடுத்த நிமிஷத்துல ஒரே வாய்ப்பு. அதனாலதான் இந்த அணு எப்பப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா கோடி அணு இருந்தா பாதி எப்பப் போகும்னு சொல்லிரலாம். மிச்சப் பாதிக்கும் வாய்ப்பு அதேதான், அதனால அதுல பாதி போக அதே நேரம் ஆகும். அரை ஆயுள்னா அவ்வளவுதான்."

பிறகு ஒன்று சொன்னார். அது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. ஒரே தோரியக் குடும்பத்தில் மூத்தது தோரியம். அது பாதியாக ஆயிரத்து நானூறு கோடி வருடம் ஆகும். கடைக்குட்டிகளில் ஒன்று பொலோனியம். அது பாதியாக ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி அதில் மூன்று பங்குகூட அதிகம். இவ்வளவு வித்தியாசத்துக்கும் ஆல்பாவின் ஆற்றலில் இருக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆற்றல் ஏறினால் சுவரின் மெலிந்த உச்சிப் பக்கத்தைக் கடந்தால் போதும். சுவர் கொஞ்சம் மெலிந்தாலே அந்தப் பக்கத்துத் துளி மடங்கு மடங்காகப் பெருத்துவிடும்.

"ஆனா ஒன்னு, பொய் சொல்லப்படாது" என்றார் மேடம். "நம்ம சட்டையோட பத்தரை மணி, சொவரு கணக்கு இல்ல. அது ஈயத்தோடது. ஈயம் வேற வழியில சிதையும், அது பீட்டா. ஈயம் மாறினதுக்கு அப்புறம் வார பிஸ்மத், பொலோனியம், அதுகதான் சொவரத் தாண்டி ஆல்பா விடுதுக. நீங்க எண்ணுறது அத."

இதை நான் உடனே பிடித்துக்கொண்டேன். படாளத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் டிராக்டரின் வேகத்தில்தான் போகும், பஸ் எவ்வளவு வேகமாகப் போகக் கூடியதாக இருந்தாலும். இங்கே டிராக்டர் ஈயம்.

மாலை ஏழு மணிக்கு 78. மேடத்தின் மடக்கை (லாக்) வரைபடத் தாளில் புள்ளிகள் ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே கோட்டில் விழுந்தன. அடுத்த நாள் காலை 32. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தோரியம் என்று நிரூபணமாகிவிட்டதே, எங்கள் சேமிப்பறையில் இருப்பதும் தோரியம்தானே என்று மனம் ஓடியது. காவல் அதிகாரியும் அதையேதான் சொன்னார்.

"அப்ப சந்தேகம் ஜாஸ்தியாத்தான் ஆவுது மேடம்."

"சார், தோரியமே துணியில இருந்தா அது பிள்ளையப் பெத்துக்கிட்டே இருக்கும். கோடு கீழ எறங்காது. இது தாய் இல்லாத பிள்ளைக. எங்கயோ வாயு மட்டும் சட்டையில பட்டிருக்கு. லாக்கர்ல மத்தவங்க சட்டை எல்லாம் சுத்தம். அப்ப பட்டது இங்க இல்ல. வேற எங்க?"

வெளியே போகிறவரைத்தான் நாங்கள் சோதிப்போம். உள்ளே வருகிறவரைச் சோதித்ததே இல்லை. கதிரியக்கம் எங்களிடமிருந்துதான் வெளியே போகும், வெளியிலிருந்து வராது என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஊறிப்போன புத்தி.

அன்றே மேடமும் நானும் அளவுக் கருவியோடு சதுரங்கப்பட்டினம் போனோம். அங்கிருக்கும் பழைய கோட்டைக்குப் பின்பக்கம் தேசப்பன் வீடு. வேன் நின்றதும் அக்கம்பக்கத்தில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். தேசப்பன் மனைவி குப்பம்மா வாசலை விட்டு நகரவில்லை.

"முந்தாநேத்து வந்தவங்க அரிசி டப்பாவக் கவுத்தாங்க. நீ இன்னாத்தக் கவுக்கப்போற?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "தெருவே நின்னு பாத்துச்சி. எம் பொண்ண நாளைக்கி எவன் வந்து கேப்பான்?"

மேடம் செருப்பைக் கழற்றினார். "நான் எதையும் கவுக்க மாட்டேம்மா. நேத்து ராத்திரி... இல்ல, அந்தச் சட்டை போட்டதுக்கு முந்தின ராத்திரி, சட்டைய எங்க வச்சிருந்தீங்க? அத மட்டும் காட்டுங்க."

பின்னால் புதிதாக ஓர் அறை எழுப்பியிருந்தார்கள். தகரக் கூரை, ஜன்னலுக்குத் துளை விட்டுச் சாக்கு அடைத்திருந்தது. தளம் போடவில்லை. கடல் கொந்தளித்து இறங்கிய பின் கரையில் பட்டையாகப் படியும் கருமணலை அள்ளிவந்து ஒரு முழ உயரத்துக்குக் கொட்டித் தட்டியிருந்தார்கள். அந்த வாரம்தான் அதில் படுக்க ஆரம்பித்தார்களாம்.

"கருமணலு காத்துல பறக்காது சார், கெட்டியா குந்திக்கும்" என்றார் தேசப்பன். "சட்டைய மடிச்சி மணல்மேல வச்சி, மேல பாயப் போட்டு படுத்துக்குவேன். காலைல இஸ்திரிப் பொட்டி போட்ட மாரி கீது. அது பழக்கம்."

நான் பாயைத் தூக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மணலைப் பார்ப்பதற்காகத் தூக்கவில்லை. புட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். மணலில் கையை விட்டுத் துழாவினேன்கூட. குப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவுக் கருவியைத் தரைக்கு அருகே கொண்டுபோனதும் அது படபடவென்று தட்ட ஆரம்பித்தது. மேடம் ஒரு பிடி மணலை அள்ளி வெயிலில் காட்டினார். கறுப்புக்கு நடுவே தேன் நிறத்தில் குருணைகள். அதில்தான் தோரியம். இந்தக் கரையில் இயற்கையாகவே இருக்கிறது. அதிலிருந்து கசிந்த தோரான் மூடிய அறையில், பாயின் கீழே, பாலியெஸ்டர் சட்டையில் இரவு முழுக்கப் பிள்ளைகளை விட்டிருக்கிறது. லாக்கரில் பகல் முழுக்கத் தொங்கியும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. "சிமென்ட் தளம் போட்டுருங்க, சாக்க எடுத்துட்டு ஜன்னலத் தெறந்து வையுங்க. பயப்பட வேண்டாம்" என்று மேடம் குப்பம்மாவிடம் சொன்னார்.

தேசப்பன் மெல்லக் கேட்டார். "அப்ப நான் திருடல?"

"நீங்க திருடல" என்றார் மேடம், தெருவுக்குக் கேட்கும்படி.

அவர் என்னைப் பார்த்தார். நான் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் எண்ணிக்கை 7. மேடம் புதுப் படிவத்தை என் முன்னால் வைத்தார். 'முன் படிவத்தில் குறையவில்லை என்று எழுதியது பிழை. பிழை என்னுடையது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். காணாமல் போன புட்டியும் வேறு அலமாரியில் கிடைத்தது. அதைத் தேசப்பனிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் பாஸ் திரும்பக் கிடைத்தது. அரைமணி விதியை ஒழித்தோம். சந்தேகப்பட்ட மாதிரியை ஒரு நாள் முழுக்க வைத்து எண்ணிய பிறகே எழுதுவது என்று முறை வந்தது. அடுத்த வருடம் மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கட்டுரை. ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒருமுறை மானிட்டரைக் கத்த வைத்தவர் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறும். அவர் தினமும் மாலை சட்டையையும் கையையும் வட்டத் தாளால் துடைத்து ஸ்வைப் கொடுத்து, நாங்கள் எண்ணிச் சீட்டுத் தரும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். சாதாரணமாக மூன்று மாதம். கவுண்டிங் ரூமிலிருந்து 'போதும்' என்று எழுதினால் பெயர் நீங்கும். எழுத வேண்டியவன் நான்.

மூன்று மாதம் முடிந்தது. நான் எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே என்று நினைத்தேன். மணல் என்று ஒரு காரணம் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, அதையே சாக்காக வைத்து ஒருவன் நாளைக்கு எதையாவது எடுத்துப் போனால் யார் கண்டுபிடிப்பது என்று எனக்குள் ஓடியது. புட்டி கிடைத்த பிறகும், பாதி பாதியாகக் குறைவதை நானே எண்ணிப் பார்த்த பிறகும் ஓடியது. மற்றவர்கள் தாளை ஒரு தடவை எண்ணுவேன். அவர் தாளை இரண்டு தடவை எண்ணுவேன். ஒருநாள்கூட வெறுந்தாளுக்கு மேல் ஏறியதில்லை. ஏறாததே எனக்கு உறுத்தியது. இப்படி ஆறு வருடம் போயிற்று. சதுரங்கப்பட்டினம் பக்கம் போகும் பஸ் ஐந்தேமுக்காலுக்கு. அதை விட்டால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். என் இரண்டாவது எண்ணிக்கை முடியும்போது ஐந்து ஐம்பது ஆகிவிடும். அது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதற்கும் சந்தேகப்பட்டிருப்பேன்.

என் கடைசி நாளில் பொறுப்பை நிர்மலாவிடம் ஒப்படைத்தேன். அவள் பட்டியலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இதுல ஒரே ஒரு பேருதான் கீது. ஃபைல்ல நீங்களே பிழை என்னுடையதுன்னு எழுதிட்டீங்க. அப்புறம் இவரு ஏன் ஆறு வருஷமா குந்திகினு கீறாரு?"

அவமானமாக இருந்தது. பேனாவை வாங்கி அந்தப் பெயருக்கு எதிரே 'போதும்' என்று எழுதினேன்.

மணி ஐந்தரை. நானே வெளியே போனேன். தேசப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வழக்கம்போல ஸ்வைப்புக்காக உள்ளங்கை இரண்டையும் மேலே காட்டி மடியில் வைத்துக்கொண்டு. தலை நன்றாக நரைத்திருந்தது. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"தேசப்பா, உன் பேர எடுத்துட்டேன். இனிமே நீ நிக்க வேணாம். போ, பஸ்ஸுக்கு நேரம் கீது."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கோபமே இல்லாமல் கேட்டார்.

"இன்னிக்கிதான் கொறஞ்சிச்சா சார்?"

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்கு நடந்தார்.